அத்தை வாங்கிய நூறு

மனநல டாக்டரான நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். உலக சுகாதார நிறுவனம் 1998-ல் வெளியிட்ட ஐந்து கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் மனம் உற்சாகமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, காலையில் எழும்போது தெளிவாக இருந்ததா என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று வந்துவிடும்.

"நம் பக்கத்துக் கிழவிகளுக்குப் புரிகிற தமிழில் வேண்டும். கதை எழுதுகிற கைதான் இதற்குச் சரி" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். மூலத்தைப் பார்த்திராத ஒருவர் என் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கினார், அதுதான் முறையாம். இரண்டும் அச்சாக ஒத்துப்போயின.

முதலில் என் அத்தையிடம் கேட்டுப் பார்த்தேன். 78 வயது, பிள்ளை வீட்டில் இருக்கிறாள். பிள்ளை பக்கத்தில் ஊஞ்சலில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். ஐந்து கேள்விக்கும் அத்தைக்கு ஒரே பதில்தான்: "எனக்கென்னப்பா குறை? எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறேன்."

நூற்றுக்கு நூறு!

புறப்படும்போது வாசல் வரை வந்தாள். "ராத்திரி இரண்டு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் எதையாவது நினைத்துக்கொண்டே கிடக்கிறேன்" என்றாள், தணிந்த குரலில்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. மனம் சரியில்லை என்று அவள் சொன்னால் அது பிள்ளைமேல் சொல்லும் குற்றமாகிவிடும். அவனை வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறேன், நான்!

நண்பரிடம் சொன்னேன். ஜிம்பாப்வேயில் விக்ரம் படேலும் அவருடைய சகாக்களும் ஷோனா மொழியில் 14 கேள்விகள் தயாரித்து 1997-ல் வெளியிட்ட கதையை அவர் சொன்னார். சிகிச்சைக்கு வந்தவர்கள் தங்கள் துயரத்தைச் சொன்ன சொற்களிலிருந்தே கேள்விகளை எடுத்தார்களாம். அங்கே வழங்கும் ஒரு சொல் 'குஃபுங்கிசிசா'. அளவுக்கு மீறி நினைத்துக்கொண்டே இருப்பது என்று பொருள்.

அத்தை வாசலில் சொன்னதும் அதைத்தானே!

"அப்படி எடுத்தாலும் போதாது. கேள்வித்தாள் சொல்வதும், டாக்டர் தனியே விசாரித்துக் கண்டதும் ஒத்துப்போகிறதா என்று பலபேரிடம் பார்த்தாக வேண்டும்" என்றார் நண்பர்.

என் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மறுநாள் அத்தையைக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். குளத்துப் படியில் உட்கார்ந்ததும், "ராத்திரியில் என்ன அத்தை நினைத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசினாள். பேசியது என்ன என்பது எங்களோடு இருக்கட்டும். அன்று மதிப்பெண் போட்டிருந்தால் நூறு வந்திராது.