தோடும் பெஞ்சும்

ஞாயிறு காலை பெங்களூரு சிவாஜி நகர் பேருந்து நிலையத்தில், கையில் பைபிளோடு, காதில் தோடின்றி, வெள்ளைச் சேலையில் போகும் தமிழ்ப் பெண்களைப் பார்க்கலாம். 'பெந்தெகொஸ்தேக்காரர்கள்' என்று ஊர் ஒரே சொல்லில் முடித்துவிடும். அந்த வெறுங்காதுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது.

கதையின் தொடக்கம் இங்கிலாந்து. பாவமன்னிப்போடு கடவுளின் வேலை முடிந்துவிடுவதில்லை. இந்த வாழ்விலேயே மனிதனின் உள்ளத்தைத் தூய்மையாக்கி அன்பால் நிரப்ப அவரால் முடியும் என்றார் ஜான் வெஸ்லி. இதற்கு 'முழுப் பரிசுத்தம்' என்று பெயர். 1743இல் அவர் வகுத்த விதிகளில், பொன்னும் ஆடம்பர உடையும் வேண்டாம் என்பதும் ஒன்று.

நூறாண்டு கழிந்தது. அமெரிக்க மெதடிஸ்ட்டுகள் வசதி பெற்றார்கள். பல ஆலயங்களில் இருக்கைகள் வாடகைக்குப் போயின. நல்ல இடம் பணக்காரருக்கு. அடிமை முறையை எதிர்ப்பதிலும் தயக்கம். இந்தப் போக்கைக் கண்டித்து எழுதிய போதகர் பி.டி. ராபர்ட்ஸ் 1858இல் விலக்கப்பட்டார். 1860இல் நியூயார்க் மாநிலத்தின் பெக்கின் என்ற ஊரில் ஃப்ரீ மெதடிஸ்ட் சபை பிறந்தது. இருக்கைக்கு வாடகை கிடையாது. அடிமை வைத்திருப்பவருக்கு இடமும் கிடையாது. மது, புகையிலை, நகை, ரகசியச் சங்கம் எல்லாமே விலக்கு.

தாய்ச்சபையிலேயே தங்கிவிட்ட பரிசுத்தப் பிரசங்கிகளும் உண்டு. அவர்களில் ஒருவரான வில்லியம் டெய்லர் 1874இல் பெங்களூருக்கு வந்தார். சான்பிரான்சிஸ்கோ தெருக்களில் ஏழாண்டு பிரசங்கித்தவர். மிஷன் பணத்தை நம்பாமல் சபை தன் காலிலேயே நிற்கட்டும் என்பது அவர் கொள்கை. அவர் திரட்டியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசிய கண்டோன்மென்ட்வாசிகள். ரிச்மண்ட் டவுன் மெதடிஸ்ட் ஆலயமும், 1880இல் தொடங்கிய பால்ட்வின் பள்ளியும் அந்தப் பணியின் தொடர்ச்சி.

இந்தப் பரிசுத்த இயக்கம்தான் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த பெந்தெகொஸ்தேவின் வேர்களில் ஒன்று. அந்த வழியில் எளிய உடையும் வெறுங்காதும் தமிழர் வீடுவரை வந்து சேர்ந்தன. பெஞ்சின் கதை வந்ததா?

நம் பக்கத்தில் இடத்தைப் பிரிக்கப் பணம்கூடத் தேவைப்படவில்லை. சாதியே போதுமாக இருந்தது. வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்துச் சுவரே எழுப்பியிருந்தார்கள். பிறகு அது இடிக்கப்பட்டது. ஆனால் கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் சுவர் இன்னும் பல சபைகளில் நிற்கிறது.

தோட்டைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். ராபர்ட்ஸ் சபையை இழந்தது தோட்டுக்காக மட்டுமல்ல, பெஞ்சுக்காகவும்தான்.