அத்தாவின் குறிப்பேடு

தாம்பரம் வீட்டில் அத்தா விட்டுச்சென்ற அரபிக் குறிப்பேட்டைப் புரட்டினால், பிந்திய பக்கங்களில் எழுத்து கடுகளவாய்ச் சுருங்கிவிடுகிறது. முதுமை என்றே கருதியிருந்தோம். மடிமீது சும்மா கிடக்கும் கை நடுங்கும். தஸ்பீஹ் மணியைப் பற்றினால் அடங்கும். பார்க்கின்சன் நோய் என்று தெரிய மூன்றாண்டுகள் ஆயின.

நடுக்கத்தை 'ரஃஷா' என்று இப்னு சீனா தம் கானூனில் ஆராய்ந்திருக்கிறார். 1817-இல் லண்டன் மருத்துவர் பார்க்கின்சன் இந்நோயை விவரித்தார். நடுமூளையின் கருநிறப் பகுதியில் உயிரணுக்கள் ஏன் மடிகின்றன என்பதற்கோ 1997-இல்தான் ஒரு வாயில் திறந்தது. இத்தாலியக் குடும்பமொன்றில், ஆல்ஃபா சைனுக்ளின் என்னும் புரதத்துக்குரிய மரபணுவில் ஓரெழுத்துப் பிழை கண்டறியப்பட்டது. ஒரு நுக்தா இடம் மாறினால் சொல்லே மாறும் என்று மாணவர்க்குப் போதிக்கும் எனக்கு இது விளங்கக் கடினமாயில்லை. அப்புரதம் மடிப்புப் பிறழ்ந்து திரண்டு அணுவுக்குள் படிகிறது. அணுக்கள் மடிய, டோபமின் குன்றுகிறது.

டோபமினாக மாறும் எல்-டோபாவை, தொட்டால் அரிக்கும் நம் பூனைக்காலியின் விதையிலிருந்து 1937-இல் பிரித்தெடுத்தவர்கள் சென்னையின் தாமோதரனும் இராமசாமியும்! அது இந்நோய்க்கு மருந்தானது 1960-களில்.

என் மகளைப் பெண்கேட்டு வந்தோர், "வம்ச நோயோ?" என்று வினவிச் சென்றனர், திரும்பவில்லை. நோயாளிகளில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கே குடும்பத்தில் வேறெவருக்கேனும் அந்நோய் உண்டு. ஒற்றை மரபணுப் பிழையால் வருவது அதனினும் அரிது. அன்று இதைச் சொல்ல நான் அறிந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் குரோம்பேட்டையிலிருந்து வேறொரு வீட்டார் வருகின்றனர். குறிப்பேட்டை உள்ளே எடுத்துவைக்கப் போனேன். "அது அங்கேயே இருக்கட்டும் அத்தா" என்றாள் மகள்.