மறுபடியும் அதே வார்டு

ஞாயிறு, இரவு

குழந்தைக்குக் காய்ச்சல் 101. அம்மா வெப்பமானியைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தாள், எண் மாறவில்லை. "பல்லு மொளைக்கிற காய்ச்சலா இருக்கும்மா, விடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்றார் மாமியார். அவள் காத்திருக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியபோதே மருத்துவர் அழுத்திச் சொல்லியிருந்தார்: 100.4-ஐத் தாண்டினால் அன்றைக்கே வந்துவிட வேண்டும். கணவர் பக்கத்து வீட்டுக்காரரின் காரைக் கேட்டு வாங்கிவர, திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நள்ளிரவில் சென்னைக்குக் கிளம்பினார்கள். குழந்தைக்கு ஐந்து மாதம்.

திங்கள்

அதே வார்டு. போன தடவை பார்த்த சிஸ்டரே குழந்தையின் கையைத் தடவி நரம்பு தேடினார். வலது கையில் கிடைக்கவில்லை. கடைசியில் பாதத்தில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய் (வென்ஃப்ளான்) ஏறியது. அழுது அழுது குழந்தை தூங்கிப்போனது. அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

குழந்தைக்கு இருப்பது 'பிலியரி அட்ரீசியா'. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுபோகும் குழாய்கள் அடைபட்டு அழிந்துவிடும் நோய். வெளியேற வழியில்லாத பித்தநீர் கல்லீரலுக்குள்ளேயே தேங்கி அதைக் கெடுத்துவிடும். ஜப்பானிய அறுவை மருத்துவர் மொரியோ காசாய் 1950-களில் இதற்கு ஒரு வழி கண்டார். அழிந்த குழாய்களை அகற்றிவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியை நேராகக் கல்லீரலின் வாயிலில் இணைப்பது. இந்தக் குழந்தைக்கும் நடந்தது அதுதான்.

ஆனால் பித்தநீர் இறங்கிவரும் அதே வழியில் குடலின் கிருமிகள் மேலே ஏறவும் முடியும். ஏறினால் வருவது 'கோலாஞ்சைட்டிஸ்' என்ற தொற்று: காய்ச்சல், திரும்பவும் மஞ்சள், வெளுத்த மலம்.

யாராவது கை கழுவாமல் தூக்கினார்களா, சொட்டு மருந்து ஒருவேளை தப்பியதா என்று அவள் ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தாள். ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. இந்த ஆபரேஷன் ஆன குழந்தைங்களுக்கு முதல் ரெண்டு வருஷத்துல இது அடிக்கடி வர்றதுதான். ராத்திரியே கொண்டுவந்தீங்க பாருங்க, அதுதான் முக்கியம்."

செவ்வாய்

அவளிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. காய்ச்சல், குடித்த பால், கொடுத்த மருந்து, மலத்தின் நிறம் என்று நான்கு பத்திகள். இன்றைய கடைசிப் பத்தியில் 'சுண்ணாம்பு மாதிரி' என்று எழுதினாள்.

நோயைக் காட்டிக்கொடுத்ததும் அந்த நிறம்தான். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம் என்று எல்லோரும் சொன்னார்கள். காலை வெயிலில் காட்டச் சொன்னவர்கள் உண்டு. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. வீட்டுக்கு வந்த கிராமச் சுகாதாரச் செவிலியர் மட்டும், "ஆய் எப்படிம்மா போகுது?" என்று கேட்டார். வெளுத்த மலமும், துணியில் மஞ்சள் கறை விடும் சிறுநீரும் அவரை உஷாராக்கின. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிறந்து 60 நாளுக்குள் செய்தால் காசாய் அறுவை பலன் தரும் வாய்ப்பு கூடுதல். அதற்குள் செய்ய முடிந்தது அந்த ஒரு கேள்வியால்.

தைவான் 2004 முதல் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையை நாடு முழுக்கத் தாய்மார்களுக்குக் கொடுக்கிறது. ஜப்பான் 2012-இல் அதைத் தாய்-சேய் நலக் கையேட்டிலேயே சேர்த்துவிட்டது. தாயே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். செலவு ஒரு அட்டைக்கானதுதான்.

வியாழன்

வார்டுக்குள் தாய்க்கு மட்டுமே அனுமதி. கணவர் வெளி வராந்தாவில் துண்டு விரித்துப் படுக்கிறார். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. மூத்தவள் பாட்டியோடு ஊரில் இருக்கிறாள், போனில், "தம்பி எப்பம்மா வருவான்?" என்று கேட்டாள். பக்கத்துப் பெட் அக்கா அரைத் தம்ளர் கஞ்சியை நீட்டி, "நீ சாப்பிட்டாத்தான் அவனுக்குப் பால்" என்றார். அவள் குடித்தாள்.

சனி

காய்ச்சல் இறங்கியது. மலத்தில் லேசாகப் பச்சை தெரிந்தது. சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

நரம்பு வழி மருந்து இரண்டு மூன்று வாரம் தொடர வேண்டும். அதற்குப் பிறகும் இது முடிகிற கதையல்ல. காசாய் அறுவை கல்லீரலுக்குக் காலம் வாங்கித் தருகிறது. ஆனாலும் இந்த நோயுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு என்றாவது ஒருநாள் கல்லீரல் மாற்று தேவைப்படும். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் கணவரைப் பார்த்தாள்.

மருத்துவர் காஞ்சிபுரத்துச் சஞ்சய் கந்தசாமியைப் பற்றிச் சொன்னார். இதே நோயோடு பிறந்த அவருக்கு, இரண்டு வயதுகூட நிரம்பாத நிலையில், 1998 நவம்பரில் தில்லி அப்போலோவில் மாற்று அறுவை நடந்தது. கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அவருடைய அப்பா. இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து இன்று மருத்துவராக இருக்கிறார். "தேவைப்பட்டா நான் தர்றேன் டாக்டர்" என்றார் கணவர், யோசிக்காமல்.

தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் அடங்கும். அந்தக் காப்பீட்டு அட்டை அவர்களிடம் இருக்கிறது.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிறந்து 14 நாள் தாண்டியும் கண்ணில் மஞ்சள் இருந்தாலோ, எந்த நாளிலும் மலம் வெளுத்துப் போனாலோ, வெயிலையும் கீழாநெல்லியையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போய் ரத்தத்தில் 'டைரக்ட் பிலிருபின்' பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.