சின்னப் பந்தியும் பெரிய கிருபையும்

தியானப் பகுதி: லூக்கா 14:12–14



இந்த வாரத் தியானப் பகுதியில் நம் ஆண்டவர் ஒரு விருந்தாளிப் பட்டியலைத் திருத்துகிறார். விருந்தே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. திருப்பி அழைக்க வசதியுள்ளவர்களை மட்டுமே அழைத்துப் பழகிவிடாதே, பதில் செய்ய வழியில்லாதவர்களை அழை என்கிறார். இந்தப் போதனையை நாம் பெரிய தர்ம காரியங்களோடு மட்டுமே சேர்த்து வாசித்துப் பழகிவிட்டோம். ஒரு சிறு பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டிற்கு யாரை அழைப்பது என்ற கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது.

பிறந்தநாள் விருந்து என்று வேதாகமம் வெளிப்படையாகச் சொல்பவை இரண்டே. ஒன்று பார்வோனுடையது (ஆதியாகமம் 40:20). மற்றது ஏரோதுடையது (மாற்கு 6:21). முதல் விருந்தின்போது சுயம்பாகிகளின் தலைவன் தூக்கிலிடப்பட்டான். இரண்டாவது விருந்தில் யோவான் ஸ்நானனின் தலை தாலத்தில் கொண்டுவரப்பட்டது. மூன்றாம் நூற்றாண்டுச் சபைப் பிதாவாகிய ஓரிகன் இவ்விரண்டையும் சுட்டிக்காட்டி, பரிசுத்தவான்கள் எவரும் தங்கள் பிறந்தநாளைக் கொண்டாடியதாக வேதத்தில் இல்லை என்று போதித்தார். ஆதிச் சபையார் இரத்தசாட்சிகள் மரித்த நாளையே அவர்களுடைய பிறந்தநாளாக ஆசரித்தார்கள். ஆகவே, “பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கொண்டாடலாமா ஐயா?” என்று சிலர் உண்மையான பயபக்தியோடு என்னிடம் கேட்பதுண்டு.

நான் அவர்களை மாற்கு ஆறாம் அதிகாரத்தை மறுபடியும் வாசிக்கச் சொல்வேன். ஏரோதின் பந்தியில் யார் அமர்ந்திருந்தார்கள்? பிரபுக்கள், படைத்தலைவர்கள், கலிலேயாவின் முக்கியஸ்தர்கள். சிறுமி கேட்டதைக் கேள்விப்பட்டதும் ராஜா துக்கமடைந்தான் என்றே மாற்கு எழுதுகிறார். ஆனாலும் தான் இட்ட ஆணையின் நிமித்தமும் உடன் பந்தியிருந்தவர்களின் நிமித்தமும் அவனால் மறுக்க முடியவில்லை. அவன் தன் விருந்தாளிகளின் கண்களுக்குப் பயந்தான். நாளில் குற்றமில்லை, பிரியமானவர்களே. யாருடைய கண்களுக்காக அந்த நாளை நடத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அந்தப் பயம் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. முதல் பிறந்தநாளுக்கே மண்டபம், பலூன் வளைவு, மூன்றடுக்குக் கேக், வந்தவர்க்கெல்லாம் ரிட்டர்ன் கிஃப்ட். காதுத் தோட்டை அடகு வைத்துக் கேக் வெட்டிய வீட்டிற்கும் நான் ஜெபிக்கப் போயிருக்கிறேன். ஒளிப்படக்காரரின் வெளிச்சத்தில் கண் கூசி, புது உடுப்பின் ஜரிகை கழுத்தில் உறுத்த, குழந்தை அழுதுகொண்டேயிருந்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். அந்தக் குழந்தையின் வயதையொத்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த மாதம் எங்கள் பேத்திக்கு ஐந்து வயது நிறைவடைந்தது. மகளும் மருமகனும் வளைகுடா நாட்டில் பணியாற்றுகிறார்கள். பேத்தி எங்களோடு குருமனையில் வளர்கிறாள். வீட்டிலேயே ஒரு சிறிய விருந்து வைப்போம் என்று என் மனைவி தீர்மானித்தாள். சிறு பிள்ளைகளின் விருந்துக்குப் பலர் கைக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு: பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டு, அத்தனை விருந்தாளிகள் போதும். எங்களுக்கு ஆறு பேர். சனிக்கிழமை மாலை 4 மணி முதல் 6 மணி வரை. அதற்குள் மதிய உறக்கம் கலைந்திருக்கும், இரவுக் களைப்பும் தொடங்கியிராது. இரண்டு மணி நேரத்திற்கு மேல் போனால் பிள்ளைகளின் சந்தோஷம் அழுகையில் முடியும் என்பது பிள்ளை வளர்த்த எவரும் அறிந்ததே.

குருமனையில் ஆறு பேரை மட்டும் அழைப்பது எளிதன்று. ஓய்வுநாள் பள்ளியில் ஏராளமான பிள்ளைகள் இருக்கிறார்கள். அழைக்கப்படாத ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு தாயின் மனவருத்தம் காத்திருக்கும். என் மனைவி அதற்கும் வழி சொன்னாள்: “ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஸ்தோத்திர காணிக்கை வைப்போம், எல்லாப் பிள்ளைகளுக்கும் மிட்டாய் கொடுப்போம். சனிக்கிழமை அவளோடு தினமும் விளையாடுகிறவர்கள் மட்டும் வரட்டும். யார் என்று அவளே சொல்லட்டும்.”

பேத்தி விரல்களை மடக்கி எண்ணினாள். நான்கு பெயர்கள் தடையின்றி வந்தன. ஐந்தாவதாக ஒரு சிறுவனின் பெயரைச் சொன்னபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவனுடைய தகப்பனார் சபைக் கமிட்டித் தேர்தலின்போது எழுந்த பிணக்கினால் ஒன்றரை ஆண்டுகளாக ஆலயத்திற்கு வருவதில்லை. தெருவில் என்னைக் கண்டால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார். யார் பக்கம் நியாயம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஏன் அவன் என்று பேத்தியிடம் கேட்டேன். “அவன்தான் எனக்குப் பென்சில் சீவித் தருவான், தாத்தா” என்றாள். அவளுக்கு அதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை.

அன்றிரவு ஆதியாகமம் 21ஆம் அதிகாரம் என் நினைவில் நின்றது. ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து செய்தான். வேதத்தில் ஒரு சிறு குழந்தைக்காக வைக்கப்பட்ட விருந்து அது. அதே அதிகாரத்தில், சில வசனங்களுக்குள், மற்றொரு பிள்ளை அப்பத்தோடும் ஒரு துருத்தித் தண்ணீரோடும் வனாந்தரத்திற்கு அனுப்பப்படுகிறான். மூத்தவர்களுக்கிடையே இருந்த மனக்கசப்பின் பாரம் முழுவதும் அந்தப் பிள்ளையின் தலையில் இறங்கிற்று. தாகத்தால் அவன் சாகக் கிடந்தபோது அவனுடைய சத்தத்தைக் கேட்டவர் தேவன். விருந்தில் இடமில்லாமற்போன பிள்ளைகளின் சத்தத்தை இன்றும் அவர் கேட்கிறார்.

மறுநாள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வீடுகளுக்கும் நடந்தே போனேன். அந்த வீட்டில் சிறுவனின் ஆச்சி மட்டும் வாசலுக்கு வந்தார். தகப்பனார் உள்ளே இருந்தார் என்பதை அவருடைய செருப்பு சொல்லிற்று. “பிள்ளைய அனுப்பி வையுங்க ஆச்சி, நாலு மணிக்கு” என்று பேத்தி சொல்லிக்கொடுத்தபடி ஒப்பித்தாள். “பாப்போம் தாயி” என்றார் அவர்.

அடுத்தது பரிசு. பரிசு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் வெறுங்கையோடு வருவது ஏழை வீட்டுக்குத்தான் அதிகம் கூச்சம் தரும். எனவே ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பூ கொண்டுவர வேண்டும், கடையில் வாங்கக்கூடாது என்று என் மனைவி சொல்லியனுப்பினாள். செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வந்தன. ஓர் அறை மட்டுமே உள்ள வாடகை வீட்டில் வாழும் ஒரு சிறுமி சாலையோரத்து ஆவாரம்பூவைக் கொத்தாகப் பறித்து வந்தாள். செம்புக்குள் வைத்தபோது அதுவே எல்லாவற்றிலும் பளிச்சென்று தெரிந்தது.

பலகாரம் குட்டி இட்லி, கேசரி, வாழைப்பழம், எலுமிச்சைச் சாறு. அரைக் கிலோ கேக் எங்களுக்குப் போதுமானதாயிருந்தது. எல்லாச் செலவும் 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. பெற்றோரின் கவனத்திற்குச் சிலவற்றைச் சொல்லவேண்டும். உடைந்த பலூன் துண்டும் ஊதாத பலூனும் சிறு பிள்ளைகளின் மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும். ஆகவே பலூன்களைப் பெரியவர்களே கைப்பம்பால் ஊதி உயரத்தில் கட்டுங்கள், உடைந்தால் உடனே துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். வாயு நிரப்பிய பலூன் வேண்டாம். ஹைட்ரஜன் அடைத்து விற்பவர்களும் உண்டு, அது தீயில் வெடிக்கும். நுரை தெளிக்கும் ஸ்பிரே டப்பாக்களையும் மெழுகுவர்த்தியின் அருகே கொண்டுவராதிருங்கள், எளிதில் தீப்பற்றும். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். முழு நிலக்கடலையைச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குத் தவிர்த்துவிடுங்கள்.

கேக்கின்மேல் மெழுகுவர்த்தி ஏற்றலாமா என்றும் சிலர் கேட்பார்கள். 1746ஆம் ஆண்டு ஜெர்மனியில் மொரேவியச் சபையின் தலைவராகிய சின்செண்டார்ஃப் பிரபுவின் பிறந்தநாளில், அவருடைய வயதின் கணக்குப்படி கேக்கில் மெழுகுவர்த்திகள் வைக்கப்பட்டதாக ஒரு குறிப்பு உண்டு. அந்தச் சபையின் மிஷனரிகள் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தவர்கள். நாம் பாடும் ஹாப்பி பர்த்டே மெட்டும் மழலையர் வகுப்பறையில் பிறந்ததே. அமெரிக்காவின் லூயிவில் நகரில் வாழ்ந்த ஹில் சகோதரிகள், சிறு பிள்ளைகளின் வாய்க்கு எளிதாக இருக்கும்படி ஒரு காலை வணக்கப் பாட்டுக்காக அதை இயற்றி 1893இல் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்காக உண்டானதைப் பிள்ளைகளே பாடட்டும்.

விளையாட்டில் நாற்காலிப் போட்டியைப் பேத்தி கேட்டாள். இடம் கிடைக்காத பிள்ளை வெளியேறி மூலையில் நின்று அழுவதே அதில் வழக்கம். என் மனைவி அதைச் சற்றே மாற்றினாள். பாட்டு நிற்கும்போதெல்லாம் ஒரு பாயைச் சுருட்டி எடுத்தாள். ஆனால் எந்தப் பிள்ளையையும் வெளியேற்றவில்லை. மீதமுள்ள பாய்களில் எல்லோரும் இடம் தேடிக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரே பாயில் ஏழு பிள்ளைகளும் ஒருவர் மடியில் ஒருவராக நெருங்கிச் சரிந்து விழுந்து சிரித்தார்கள். நம் தென்பகுதிச் சபைகளின் அசனப் பண்டிகையில் செல்வனும் கூலியாளும் ஒரே தரையில் அமர்ந்து ஒரே சோற்றைப் புசிப்பது எனக்கு நினைவுக்கு வந்தது. இடம் குறைந்தால் நெருங்கி உட்காருவதுதான் சபை.

ஆம், ஏழு பிள்ளைகள். நாலரை மணிக்கு அந்தச் சிறுவனை அவனுடைய ஆச்சி கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவன் ஒரு மல்லிகை மொட்டை உள்ளங்கையில் இறுக மூடி வைத்திருந்தான். திறந்தபோது அது வாடிப்போயிருந்தது. பேத்தி அதையும் செம்பில் போட்டாள்.

ஆறு மணிக்கு அவனை அழைத்துப்போகத் தகப்பனாரே வந்தார். வாசலுக்கு அப்பால் பைக்கில் அமர்ந்தபடியே காத்திருந்தார். வாழையிலைத் துண்டில் கேக்கும் கேசரியும் வைத்து நான் கொண்டுபோனேன். பைக்கை விட்டு இறங்கி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். “ரொம்பச் சேட்டை பண்ணினானா?” என்று கேட்டார். “இல்லை, நன்றாகச் சாப்பிட்டான்” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் அவர் ஆலயத்திற்கு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஆனால் ஆச்சியோடு அந்தச் சிறுவன் ஓய்வுநாள் பள்ளிக்கு வருகிறான். இதை எழுதலாமா என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். “எழுதுங்கய்யா, பேரு மட்டும் போடாதீங்க” என்றார்.

பிரியமானவர்களே, ஒரு விருந்து எல்லாவற்றையும் சரிப்படுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. பெரியவர்களின் பிணக்கைத் தீர்க்கும் கருவியாகப் பிள்ளையின் நாளைப் பயன்படுத்துவதும் தகாது. நம்முடைய பிணக்கு நம் பிள்ளைகளின் பட்டியலில் கைவைக்காதபடி காத்துக்கொள்வதே நம் கடமை. அழைப்பு நம்முடையது, பலன் கர்த்தருடையது.

அன்னாளை எண்ணிப் பாருங்கள். சீலோவில் விட்டுவந்த சாமுவேலுக்கு வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போனாள் (1 சாமுவேல் 2:19). அருகில் இல்லாத பிள்ளை இந்த ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அவள் தன் மனதிலே அளந்திருக்க வேண்டும். பிறந்தநாள் என்பது இப்படிப்பட்ட அளவெடுப்புதான். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது, யாரை நேசிக்கக் கற்றிருக்கிறது என்று அமர்ந்து பார்க்க ஒரு நாள். முந்நூறு பேருக்கு நடுவே அதைப் பார்க்க நமக்கு நேரமிராது. அடுத்த முறை உங்கள் வீட்டில் பட்டியல் எழுதும்போது பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். அது சொல்லும் பெயர்களில் உங்களை உறுத்தும் பெயர் ஒன்று இருந்தால் அதை அடிக்க அவசரப்படாதிருங்கள்.

ஜெபம்: சிறு பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஆசீர்வதித்த ஆண்டவரே, நீர் எங்களுக்குத் தந்த பிள்ளைகளுக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். பிறர் கண்களுக்குப் பயந்து நடத்தும் விருந்துகளிலிருந்து எங்களை விடுவியும். தூரத்தில் உழைக்கும் பெற்றோரையும் அவர்களுக்காக ஏங்கும் பிள்ளைகளையும் நினைத்தருளும். எங்கள் பாயில் இன்னும் ஒருவருக்கு இடம் கொடுக்கும் இருதயத்தைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.