ஆச்சி வீட்டுக் கோழிக்கூடு

கோழிக்கூட்டுக்கு ஆட்டோமேட்டிக் கதவு என்றதும் சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான்.

இலஞ்சியில் ஆச்சி தனியாக இருக்கிறாள். கண்ணில் புரை. இருட்டில் கூட்டை அடைக்கப் போய் ஒருநாள் விழுந்துவிட்டாள். "ஏல, டிப்ளமோ படிக்கியே, இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியா?" என்றாள்.

பழைய இரும்புக்கடையில் ஒரு வைப்பர் மோட்டார், 12 வோல்ட் பேட்டரி, ரிலே, இரண்டு லிமிட் சுவிட்ச், வெளிச்சம் பார்க்க ஒரு எல்.டி.ஆர். பலகைக் கதவு ஜம்மென்று ஏறி இறங்கியது. மே மாதம் முழுக்கத் தெருவெல்லாம் ஆச்சியின் பெருமைதான்.

ஜூனில் சாரல் தொடங்கியது. குற்றால மலையில் மேகம் இறங்கினால் நாலு மணிக்கே விளக்குப் போடுகிற ஊர் அல்லவா நம்முடையது! மேகம் கூடினால் கதவு இறங்கும், விலகினால் ஏறும். ரிலே டக் டக்கென்று அடித்து, காண்டாக்ட் கருகி, கதவு மூடியபடியே நின்றுவிட்டது. கோழிகள் வெளியே.

காலையில் இறகுதான் கிடந்தது. மரநாய். போனது முட்டையிடும் கருப்பு வெடை. ஆச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கடைசியில் காப்பாற்றியது 555 ஐ.சி. (1971-ல் ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்தது. நாம் டைமர் என்று மட்டும் உருப்போட்டோம்.) 2, 6 கால்களைச் சேர்த்துவிட்டால், 12 வோல்ட் சப்ளையில் 8-ஐத் தாண்டினால் ஒரு நிலை, 4-க்குக் கீழே போனால் மறு நிலை. நடுவில் மேகம் எவ்வளவு ஆடினாலும் ரிலே அசையாது. பிரிசெட்டை எங்கே நிறுத்துவது? நாலு சாயங்காலம் நனைந்துகொண்டே நின்று, கடைசிக் கோழி ஏறும் இருட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

இப்போது மோட்டார் சத்தம் அடங்கிய பிறகுதான் ஆச்சி சாப்பிட உட்காருகிறாள். ஒரு வெடைக்குஞ்சு வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள், கருப்பாக.