எழுவான்கரையும் படுவான்கரையும்

இலங்கையின் கீழ்க்கரையில் மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் ஞாயிற்றின் போக்கைக் கொண்டே பெயரிட்டனர்: கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணற்பாங்கான எழுவான்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். தென்னையும் மீன்பிடியும் நெசவும் அங்கே பேர்பெற்றவை. படுவான்கரையோ பரந்த வயல்நிலம். ஒன்றின் நெல்லும் மற்றதன் மீனும் தேங்காயும் சேர்ந்தே இரு கரையாருக்கும் உணவாயின.

மண்முனைத் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவையே மக்களை அக்கரை சேர்த்தது. நோயாளியும் அதற்காகக் காத்திருக்க நேர்ந்தது. 2014ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்பட்டதும் அத்துன்பம் தீர்ந்தது. மாணவர்களே, வரைபடத்தில் நீலமாய்த் தெரியும் நீர்ப்பரப்பை நோக்கும்போது, நாம் அதைக் கடக்க வேண்டியவரையும் எண்ணிப் பார்ப்போமாக.