துருவுக்குக் காவல்

சாயப்பட்டறையில் வேலை பழக வருகிறவனை முதலில் சாயத்தின் பக்கம் விடமாட்டார்கள், வெளுப்பில்தான் போடுவார்கள். நிட்டிங்கிலிருந்து வரும் கிரே துணியில் பருத்தியின் இயற்கை மஞ்சள், மெழுகு, மெஷின் எண்ணெய் எல்லாம் இருக்கும். அதைச் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஏற்றி, காஸ்டிக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டு, 95 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட்டினால் வெள்ளையாகிவிடும். கேட்கச் சுலபம். திருப்பூரில் நான் வேலை பழகிய பட்டறையின் மாஸ்டர் அப்படி நினைக்க விடவில்லை. "சாயம் சரியா ஏறலைன்னா மறுபடியும் போட்டுக்கலாம் தம்பி. வெளுக்கறப்பவே துணி இத்துப்போச்சுன்னா என்ன பண்ணுவே?"

அவர் கொடுத்த முதல் பாடம் ஒரு ரிஜெக்ட் ரோல். வெளுத்த துணியில் அங்கங்கே ஊசிமுனை அளவில் ஓட்டைகள். நிட்டிங்கில் விழும் ஓட்டையில் நூல் அறுந்து கண்ணி விட்டிருக்கும். சுற்றியுள்ள நூல் உறுதியாகவே இருக்கும். இந்த ரோலில் ஓட்டையைச் சுற்றியிருந்த நூலும் நகம் பட்டாலே பொடிந்தது. "இது நிட்டிங் ஓட்டையில்ல, நம்ம ஓட்டை" என்றார். இந்த வித்தியாசம் தெரியாமல் பட்டறை நடத்த முடியாது. பனியன் கம்பெனியின் டெபிட் நோட் யார் தலையில் விழும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

ஓட்டைக்குக் காரணம் இரும்பு. காரத்தில் பெராக்சைடு நிதானமாகப் பிரிந்தால் நிறத்தை மட்டும் எடுக்கும். துணியில் ஒரு துருத்துகள் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் தாறுமாறாகச் சிதைந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்கும். இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1894-லேயே டார்டாரிக் அமிலத்தில் காட்டியிருந்தார். பருத்தியில் அது செய்யும் வேலை இன்னும் நுணுக்கமானது. செல்லுலோஸ் சங்கிலியின் ஒவ்வொரு வளையத்திலும் மூன்று ஆல்கஹால் தொகுதிகள் உண்டு. அவற்றில் இரண்டு, ரேடிக்கல் பட்டால் கீட்டோனாக மாறக்கூடியவை. கீட்டோன் உண்டான இடத்தில் சூடான காரம் சங்கிலியையே அறுத்துவிடும். கல்லூரியில் ஆல்கஹால் கீட்டோனாவதைக் கரும்பலகையில் ஒரு சமன்பாடாகத்தான் பார்த்திருந்தேன். பட்டறையில் அது ஓட்டையாக என் விரலில் தட்டியது.

அதனால் என் வேலை பெரும்பாலும் துருவைத் தேடுவதாகவே இருந்தது. நீராவி பைப், போர் தண்ணீர், நிட்டிங் ஊசியிலிருந்து எண்ணெயோடு வரும் உலோகப் பொடி என எங்கிருந்தும் அது வரலாம். சந்தேகப்பட்ட இடத்தில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு, பொட்டாசியம் ஃபெரோசயனைடு ஒரு சொட்டு விட வேண்டும். இரும்பிருந்தால் நீலம் எழும். நீலம் கண்டால் வெளுப்பதற்கு முன்பே அமிலக் குளியல் கொடுத்து இரும்பை இறக்கிவிட வேண்டும். தப்பியதைக் கட்டிவைக்கத்தான் பெராக்சைடோடு ஸ்டெபிலைசர் போடுகிறோம்.

வெளுத்து முடித்தால் பிரச்சினை தலைகீழாகிறது. மிச்சமிருக்கும் பெராக்சைடு ரியாக்டிவ் சாயத்தைக் கெடுத்து ஷேடை வெளிறச் செய்யும். ஆகவே அதை ஒழித்தாக வேண்டும். சூடான தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசலாம், ஆனால் தண்ணீருக்கும் நீராவிக்கும் கட்டுப்படியாகாது. பட்டறையில் 'கில்லர்' என்று கேட்டு வாங்குவது கேட்டலேஸ் என்ற நொதி. அசிட்டிக் அமிலத்தால் காரத்தைத் தணித்து, 50 டிகிரி வாக்கில் ஆறவிட்டுப் போட்டால், பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். சாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை; துணியையும் தொடாது. சோதனைப் பட்டையில் நிறம் வராவிட்டால் சாயம் போடலாம்.

அந்த நொதியின் நடுவிலும் இரும்புதான் இருக்கிறது என்று பிறகு படித்தேன். ஹீம் வளையத்துக்குள், புரதத்தின் மடிப்பில் பூட்டிய இரும்பு. மாஸ்டரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "பட்டியில நிக்கற மாடும் வெள்ளாமைக்குள்ள பூந்த மாடும் ஒரே மாடுதானே தம்பி" என்றார்.

ஆய்வகங்களில் இன்று நானோ கலப்பு வினையூக்கி என்று செய்வதும் உலோகத்தைப் பட்டியில் அடைக்கும் வேலைதான். பருத்தியில் ஓட்டை போட்ட அதே மாற்றம், ஆல்கஹாலைக் கீட்டோனாக்குவது, வேறு இடங்களில் பெரிய தேவை. நைலான் 6 இழையும் சைக்ளோஹெக்சனோன் என்ற கீட்டோன் வழியாகத்தான் வருகிறது. வெகுகாலம் ஆய்வகங்களில் இந்த மாற்றத்துக்குக் குரோமியம் சேர்மங்களைக் கொட்டினார்கள். நச்சுக் கழிவு மிஞ்சியது. இப்போது நானோ அளவு உலோகத் துகள்களைச் சிலிக்கா, கிராஃபீன் போன்ற தாங்கிகளில் பதித்து, பெராக்சைடையோ காற்றையோ கொண்டே வினையை நடத்திப் பார்க்கிறார்கள். முடிந்ததும் ஊக்கியை வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். உலோகம் உண்மையிலேயே தாங்கியில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. வினை பாதியில் இருக்கும்போதே சூட்டோடு ஊக்கியை வடித்தெடுத்துவிட வேண்டும். அதன் பிறகும் திரவத்தில் வினை தொடர்ந்தால் உலோகம் கரைந்து இறங்கிவிட்டது என்று பொருள்.

திருப்பூருக்கு அந்தச் சோதனை மிக முக்கியம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவதுதான் இங்கே தொழில் நடத்தும் வழி. தண்ணீரும் உப்புக் கரைசலும் பட்டறைக்கே திரும்பி வருகின்றன. கழிவுநீரின் நிறத்தை நீக்க இப்படிப்பட்ட ஊக்கியைப் போட்டால், அங்கே கசிந்த உலோகம் அடுத்த லாட்டின் வெளுப்புக்கே வந்து சேர வழியிருக்கிறது. ஆகவே கழிவுநீருக்கென்று யாராவது புதிய இரும்பு ஊக்கியோடு பட்டறைக்கு வந்தால், நிறம் எத்தனை நிமிடத்தில் போகும் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் ஊக்கியை வடித்தெடுத்த தண்ணீரில் ஃபெரோசயனைடு ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும்.